எல்லாவற்றிலும் மெதுவானவள்

நான் பல் கட்டுகிறவள். டாக்டர் இல்லை. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி அளவெடுப்பார். அந்த அளவுக்குப் பல் செட்டைச் செய்து கொடுப்பது நான். எங்கள் பகுதியில் அறுபதைத் தாண்டிய பத்துப் பேர் வாய்விட்டுச் சிரித்தால் அதில் நாலு சிரிப்பு என்னுடையது. வெளியே எங்கே போனாலும் நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்ப்பேன். "இப்படி முறைச்சுப் பாக்காதே, போலீஸ்காரின்னு நெனச்சுக்கப் போறாங்க" என்பார் என் வீட்டுக்காரர்.

மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. அதுதான் என் லேப். முன்னறையில் ஜன்னலோரமாக மேஜை, ஸ்பிரிட் விளக்கு, மெழுகுத் தகடுகள், அளவு வாரியாகவும் நிறம் வாரியாகவும் அடுக்கிய பல் அட்டைகள். பின்னறையில் பிளாஸ்டர் மூட்டை, தண்ணீர்த் தொட்டி, அடுப்பு, பாலிஷ் மெஷின். முன்னறை சுத்தமாக இருக்கும். பின்னறைக்குள் ஒரு தடவை போய் வந்தால் புருவம்கூட நரைத்துவிடும்.

வேலையும் அந்த இரண்டு அறை மாதிரிதான், இரண்டு பாகம். முன்னறையில் பல் அடுக்குவது. மெழுகின்மேல் இருபத்தெட்டுப் பல்லையும் ஒவ்வொன்றாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒழுங்காகக் கடிக்க வைக்க வேண்டும். மயிரிழை தப்பினாலும் போட்டுக்கொள்கிறவர் சாப்பிடும்போது கன்னத்தைக் கடித்துக்கொண்டு என்னைத் திட்டுவார். பின்னறையில் மற்ற எல்லாம்: அச்சு ஊற்றுவது, மெழுகை உருக்கிவிட்டு அந்த இடத்தில் ஈறு நிற அக்ரிலிக் பிளாஸ்டிக்கை அடைத்து வேகவைப்பது, வெளியே எடுத்து ராவி, பாலிஷ் போடுவது. ஒரு செட்டுக்கு முன்னறை வேலை எனக்கு மூன்று மணி நேரம், பின்னறை வேலை மூன்று மணி நேரம். தற்பெருமை இல்லை, கடிகாரம் சொல்வதைச் சொல்கிறேன்.

நான் தொழில் பழகிய பெரிய லேப்பில் ஒரு செட்டை ஏழு பேர் தொடுவார்கள். பல் கோணலாக வந்தால் அவர் இவரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார், கடைசியில் பிளாஸ்டரைக் குறை சொல்லிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள் நான். சொந்தமாக லேப் ஆரம்பித்த அன்றே ஒரு விதி வைத்தேன்: ஒரு வாய், ஒரு கை. எடுத்த செட்டை முதல் அச்சிலிருந்து கடைசிப் பாலிஷ் வரை ஒரே ஆள்தான் முடிக்க வேண்டும். தப்பு வந்தால் யார் காதைப் பிடிப்பது என்று தெரிய வேண்டாமா? பதினோரு வருஷம் என் லேப்பில் இருந்தது என் காது மட்டும்தான் என்பது வேறு விஷயம்.

பிறகு என் தங்கை வந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்; நாற்பத்திரண்டு வயதிலும் சின்னவள்தான். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தாள். அதை மூடிவிட்டார்கள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், தனி ஆள். எங்கள் வீட்டு மாடியறைக்குக் குடிவந்தாள். "சும்மா உக்காந்து சாப்பிட மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சரியென்று தொழிலைக் கற்றுக்கொடுத்தேன்.

சின்னவள் மெதுவு. இதைச் சர்க்கரை தடவிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு பல்லை வைப்பாள், தள்ளி நின்று பார்ப்பாள், பிடுங்குவாள், மறுபடி வைப்பாள். ஒரு செட்டுக்குப் பல் அடுக்க அவளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். முடிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். அதற்குள் அந்தப் பல்லுக்காகக் காத்திருப்பவர் மெல்லவே மறந்துவிடுவார். பின்னறை வேலையில் அவ்வளவு மோசமில்லை, நாலு மணி நேரம். ஆனால் அதிலும் எனக்கு மூன்றுதானே. எதை எடுத்தாலும் எனக்குப் பின்னால்தான். வாரத்துக்கு நான் எட்டு செட் முடித்தால் அவள் மூன்று. அந்தக் கணக்கில் பல் டாக்டரும் வாரம் பதினோரு அளவு அனுப்பிக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒருமுறை அவளே கேட்டாள். "அக்கா, நான் பின்னறையை மட்டும் பாத்துக்கட்டுமா? உன் செட்டுக்கும் சேத்து?"

"எதுக்கு? மூணு மணி நேரத்துல நான் முடிக்கிறதை உங்கிட்ட குடுத்து நாலு மணி நேரமா ஆக்கறதுக்கா? வேற வேலையைப் பாரு" என்றேன். அத்தோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசிவிடுவது என் குணம். அதைப் பற்றி அப்போது நான் வருத்தப்படவும் இல்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். சின்னவள் என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை காலையில எனக்கு ரயில்."

"எங்கே?"

சொன்னாள். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போக வேண்டிய ஊர். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளைக் கணக்குப் பார்த்து வாங்கி, மடித்து, திருப்பிக் கொடுக்கிற வேலையாம். தங்க இடமும் தருகிறார்களாம். கடிதம் வந்து பத்து நாளாகியிருக்கிறது. எனக்குத் தெரியாமல் டிக்கெட்டும் எடுத்துவிட்டாள்.

"இங்கே உனக்கு என்ன கொறை?" என்றேன். என் குரல் ஏறியது. கோபம் வந்தால் ஏறும், பயம் வந்தாலும் ஏறும்.

"எனக்கு ஒரு கொறையும் இல்லை. நான்தான் கொறை. நீ எனக்குத் தர்ற சம்பளம் மூணு செட்டுக்கு வர்ற காசைவிட அதிகம். நான் கணக்கெழுதினவக்கா, எனக்குத் தெரியாதா?" அவள் அமைதியாகத்தான் பேசினாள். "நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. தங்கச்சிங்கறதை ஒதுக்கி வெச்சுட்டுச் சொல்லு. இந்த லேப்புக்கு என்னால ஏதாவது பிரயோஜனம் உண்டா? உண்டுன்னா டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடறேன்."

உண்டு என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே. ஆனால் எந்த வேலையில் இவள் என்னைவிட மேல் என்று தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட அகப்படவில்லை. விளக்கின் திரியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டு, "சரி" என்று சொல்லிப் பின்னறைக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். லிப்ட் ரிப்பேர் செய்கிறவர். நாலு வார்த்தைக்குமேல் பேசினால் வரி போடுவார்கள் என்று நினைப்பவர். "ஒரு பொய் சொல்லியிருந்தா குறைஞ்சா போயிடுவே?" என்றார்.

"பொய் சொன்னா அவளுக்குத் தெரிஞ்சுடும். சின்ன வயசுலேருந்து அவகிட்ட நான் ஒரு பொய்யைக்கூட முழுசா சொல்லி முடிச்சதில்லை."

"அப்ப உண்மையா ஒண்ணைத் தேடு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் துடைக்கப் போனார்.

தேடாமலா இருந்தேன்? அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. சரியாகச் சொன்னால், தாங்க முடியவில்லை. மகன் வேலைக்காக வெளியூர் போனபின் எங்கள் வீட்டில் குக்கர் சத்தமும் கடிகாரச் சத்தமும்தான். சின்னவள் வந்தபிறகுதான் நான் ஒன்று சொன்னால் திருப்பி ஒன்று கேட்டது. நான் கத்தினால் சிரிப்பாள். உலகத்தில் என் கோபத்தைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். ஆனால் அதைச் சொன்னால் 'அதான் தங்கச்சிங்கறதை ஒதுக்கி வைன்னு சொன்னேனே' என்பாள். அவள் கேட்டது பாசத்தை இல்லை.

அந்த வாரம் அவள் புது செட் எதையும் தொடவில்லை. ட்ரேயில் டாக்டர் அனுப்பிய அளவுகள் இருந்தன; இருந்த மனநிலையில் நான் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. வழக்கப்படி மூன்றை அவள் பக்கம் தள்ளினேன்.

"வேண்டாங்க்கா. என் வேகத்துக்கு மூணாவதை முடிக்கறதுக்குள்ள சனிக்கிழமை தாண்டிடுச்சுன்னா? பாதியில விட்டுட்டுப் போனா ரெண்டு கை பட்டதாயிடும். உன் விதியை நானே உடைக்க மாட்டேன். எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ."

"நீ என்ன பண்ணப் போறே? கொட்டாவி விடப் போறியா?"

"உனக்கு எடுபிடியா இருக்கேன். அச்சு ஊத்தித் தரேன், வேக வெச்சுத் தரேன், பாலிஷ் போட்டுத் தரேன். எல்லாம் உன் பேர்ல, உன் கைன்னே வெச்சுக்கோ."

விதிப்படி இது சரியா தப்பா என்று எனக்கே புரியவில்லை. சண்டை போட்டிருப்பேன், ஊரை விட்டுப் போகிறவளோடு என்ன சண்டை என்று விட்டுவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து அடுக்க ஆரம்பித்தேன். அடுக்கியதைப் பார்க்காமலே அடுத்ததை எடுத்தேன். பின்னறையில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் எனக்கு ஒவ்வொரு நாளும் ஞாயிற்றுக்கிழமை நெருங்குகிற சத்தமாகத்தான் கேட்டது. எழுந்து கை கழுவி, பின்னறைக்குப் போய், வெள்ளையாகத் திரும்பி வந்து, மறுபடி கை கழுவி உட்காருகிற வேலையெல்லாம் அந்த வாரம் எனக்கு இல்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. கவலையில் இருப்பவளுக்கு எது தெரிகிறது?

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஒரு செட்டை முடித்துவிட்டு அடுத்ததற்காகக் கையை நீட்டினேன். ட்ரே காலி.

குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். அலமாரியில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு வேலை இல்லாமல் போனதே கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் வரை கழுத்து ஒடியும். எனக்கு உடனே ஒன்றுதான் தோன்றியது. டாக்டர் வேறு லேப்புக்கு வேலை கொடுக்க ஆரம்பித்துவிட்டார். தங்கை போகிறாள், தொழிலும் போகிறது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் படியிறங்கினேன்.

இரண்டு தெரு தள்ளித்தான் டாக்டர் கிளினிக். பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் யாரையும் கேட்காமல் உள்ளே போனேன்.

"டாக்டர், என் வேலையில ஏதாவது கொறைன்னா முகத்துக்கு நேரா சொல்லுங்க. முதுகுக்குப் பின்னால வேற லேப்பைத் தேடிப் போக வேண்டாம்."

அவர் சாதுவான மனிதர். நாற்காலியில் வாய் பிளந்து கிடந்தவரிடம் "வாயை மூடாதீங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "எந்த லேப்? என்னம்மா சொல்றீங்க?"

"வாரா வாரம் பதினொண்ணு அனுப்புவீங்க. இந்த வாரம் எத்தனை அனுப்பினீங்க? காலையில பத்து மணிக்கே ட்ரே காலி."

நோட்டை எடுத்துக் காட்டினார். "பதினொண்ணு. எண்ணிக்குங்க."

எண்ணினேன். பதினொன்றுதான் இருந்தது.

"நானே உங்களைக் கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "யாராவது கைதேர்ந்த ஆளைப் புதுசா எடுத்திருக்கீங்களா? இதுக்குள்ள பத்துப் பேருக்கு மெழுகுல பல்லடுக்கி, வாயில வெச்சுப் பாக்கறதுக்கு அனுப்பிட்டீங்க. எப்பவும் சனிக்கிழமை வரைக்கும் நான் உங்ககிட்ட கெஞ்சணும்."

"ஆளா? இருக்கிற ஆளே போறா, டாக்டர்."

"அப்படியா? யாரா இருந்தாலும் விட்டுடாதீங்க. வெளியே பெஞ்சைப் பாத்தீங்கல்ல? பல்லுப் போனா சொல்லுப் போச்சு. அந்தம்மா ரெண்டு மாசமா வீட்டுல யார்கூடவும் பேசறதில்லையாம், வெக்கப்பட்டுக்கிட்டு. உங்களால முடியாதேன்னுதான் நான் பதினொண்ணோட நிறுத்தறேன். கூட அனுப்பினா செய்வீங்களா?"

நாற்காலியில் இருந்தவர் வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்தார். சாயங்காலம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நடந்தேன். இரண்டாவது தெரு முனையில் நடு ரோட்டில் நின்றுவிட்டேன். சைக்கிளில் வந்தவர் ஒருவர் "வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வேறு நாளாக இருந்தால் அவருக்குப் பல் கட்ட வேண்டியிருந்திருக்கும்.

இத்தனை நாளும் நான் என்ன கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்? பின்னறை வேலைக்கு அவளுக்கு நாலு மணி, எனக்கு மூன்று. அதனால் நானே செய்ய வேண்டும். என் கடிகாரத்தை அவள் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தேனே தவிர, அந்த மூன்று மணி நேரத்தில் நான் வேறென்ன செய்திருப்பேன் என்று ஒரு நாளாவது கேட்டேனா? நான் ஒரு செட்டின் பின்னறை வேலைக்குப் போனால் முன்னறையில் ஒரு வாய்க்குப் பல் அடுக்குவது நின்றுபோகிறது. முழுசாக ஒரு வாய். சின்னவள் அதே வேலைக்கு நாலு மணி நேரம் உட்கார்ந்தால் அவளுக்கு நின்றுபோவது என்ன? பன்னிரண்டு மணி நேரம் எடுக்கிற வேலையில் நாலு மணி நேரம். ஒரு வாயில் மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் அந்தப் பின்னறை வேலை யார் கையில் மலிவு? என் கையிலா, அவள் கையிலா? வேகம் எனக்குத்தான். மலிவு அவளிடம்தான். இரண்டும் ஒன்று என்று நினைத்து பதினான்கு மாதமாக ஒரு மனுஷியை உட்காரவைத்து, அவளுக்கு வராத வேலையைக் கொடுத்து, அவள் ஒன்றுக்கும் உதவாதவள் என்று அவளையே நம்பவைத்திருக்கிறேன். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தில் மருந்துக்கடைப் படியை இரண்டிரண்டாக ஏறினேன்.

பின்னறையில் சின்னவள் மெஷினில் இருந்தாள். தலை, கை, மூக்கு எல்லாம் வெள்ளை.

"அதை நிறுத்து" என்றேன்.

"இன்னும் பத்து நிமிஷம். பாதியில விட்டா வழுவழுப்பு வராது."

"நிறுத்துடி. நீ போகக் கூடாது. உன்னால பிரயோஜனம் இருக்கு."

அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "வெள்ளிக்கிழமைதான் ஞாபகம் வந்துச்சா? அத்தான் சொல்லிக் குடுத்தாரா?"

"கேளு. பாலிஷ்ல நீ என்னைவிட மெதுவு."

"தெரியும்."

"பல்லடுக்கறதுல என்னைவிட ரொம்ப மெதுவு. ஆமையோட போட்டி போட்டா ஆமைக்கு மெடல். எல்லாத்துலயும் நீ என்னைவிட மெதுவு."

"போகாதேன்னு சொல்ற லட்சணமா இது?"

"அதனாலதான் போகாதேங்கறேன்" என்று கத்தினேன். கீழே மருந்துக்கடையில் யாரோ மேலே நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். மெழுகுப் பென்சிலை எடுத்து மேஜைக் கண்ணாடியின்மேல் எழுதினேன். எனக்கு மூணு, மூணு. உனக்குப் பன்னண்டு, நாலு. தெருமுனையில் என் மண்டையில் ஏறியதை மூச்சுவிடாமல் சொன்னேன்.

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் எழுதியதை அழித்துவிட்டுத் தன் கையெழுத்தில் மறுபடி எழுதினாள். நாற்பத்தெட்டு மணி நேர வாரம். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். அவள் பார்த்து முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"தனித்தனியா செஞ்சா உனக்கு எட்டு, எனக்கு மூணு" என்றாள் மெதுவாக. "நான் பின்னறையிலேயே உக்காந்தா வாரத்துக்குப் பன்னண்டு செட்டுக்கு வேலை முடிப்பேன். அந்தப் பன்னண்டுக்கும் பல்லடுக்க உனக்கு முப்பத்தாறு மணி நேரம்தான். மிச்சம் பன்னண்டு மணி நேரம் இருக்கு. அதுல நீ தனியா இன்னும் ரெண்டு செட் முடிப்பே." பென்சிலால் ஒரு கோடு போட்டாள். "பதினாலு."

"பதினாலு" என்றேன். "அதே ரெண்டு பேர். அதே நேரம். நீயும் வேகமாகலை, நானும் வேகமாகலை."

அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கினாள். "சரி, நான் போயிட்டா என்ன? என் இடத்துல வேகமான ஆளா ஒருத்தியை வெச்சுக்கோ. பதினாறு பதினேழு வரும்."

 இதை நான் யோசிக்கவில்லை. அவளோ கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு நான் மழுப்பினால் எல்லாம் முடிந்தது. மேஜைமேல் கையை ஊன்றி யோசித்தேன். என்னளவு வேகமாக ஒருத்தி வருகிறாள் என்றே வைத்துக்கொண்டேன்.

"வெச்சுக்கறேன்" என்றேன் கடைசியில். "அவளை எங்கே உக்கார வைப்பேன்? முன்னறையில, பல்லடுக்க. அவ்வளவு வேகமானவளைப் போய் யாராவது பாலிஷ்ல போடுவாங்களா? அப்பவும் பின்னறைக்கு நீதான் வேணும். இன்னும் அதிகமா வேணும்."

சின்னவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மூக்குமேல் இருந்த வெள்ளையில் ஒரு கோடு விழுந்தது. அழுகிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பல்லடுக்கறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காதுக்கா" என்றாள். "இருபத்தெட்டுப் பல்லும் என்னைப் பாத்து இளிக்கற மாதிரியே இருக்கும். சொன்னா நீ திட்டுவேன்னு சொல்லலை."

"திட்டத்தான் செஞ்சிருப்பேன்."

"உன் விதி? ஒரு வாய், ஒரு கை? தப்பு வந்தா யார் காதைப் பிடிப்பே?"

"பல்லு கோணினா என் காது. பாலிஷ் சொரசொரன்னு இருந்தா உன் காது. எது யார் தப்புன்னு கண்டுபிடிக்க டாக்டர்கூட வேண்டாம், போட்டுக்கறவங்க நாக்கே சொல்லிடும்."

சிரித்தாள்.  சம்பளத்தையும் கொஞ்சம் ஏற்றித் தருகிறேன் என்றேன், தாராளமாகத்தான் சொன்னேன். அவள் முகம் உடனே மாறியது.

"சம்பளம் வேண்டாம்."

"பின்னே?"

"பங்கு. கூட வர்றது மூணு செட்டு. அதுல ரெண்டு எனக்கு. என் பழைய மூணோட சேத்து அஞ்சு."

"ரெண்டா? உனக்குத் தொழில் சொல்லிக் குடுத்ததே நான். ஒண்ணு எடுத்துக்கோ. நாலு."

"நான் பின்னறையில உக்கார்றதாலதானே அந்த மூணும் வருது?"

"நான் பல்லடுக்காம நீ எதுக்குடி பாலிஷ் போடுவே? உன் பல்லுக்கா?"

"அப்ப நீயே பின்னறையில உக்காரு. நான் ஆஸ்பத்திரியில போர்வை மடிக்கிறேன்."

சண்டை பிடித்துக்கொண்டது. விடாக்கண்டியும் கொடாக்கண்டியும் சேர்ந்த மாதிரி. மெஷின் நான் வாங்கியது என்றேன். அந்த மெஷின் உனக்குப் பாதி நாள் சும்மா கிடந்தது என்றாள். வாடகை என்றேன், அதைக் கழித்துவிட்டுத்தான் பங்கு கேட்கிறேன் என்று நான் கண்ணாடியில் எழுதாததையெல்லாம் எழுதிக் காட்டினாள். பதினான்கு மாதத்தில் அவள் என்னிடம் குரலை உயர்த்தியது அன்றுதான். சம்பள நாள் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு கவரை வாங்கி, "தேங்க்ஸ்க்கா" என்று முணுமுணுப்பவள், இப்போது மேஜையில் தட்டிப் பேசினாள். எனக்குக் கடுப்பாகவும் இருந்தது, இன்னும் கொஞ்சம் கத்தமாட்டாளா என்றும் இருந்தது.

சாப்பாட்டு நேரத்துக்கு என் வீட்டுக்காரர் வந்தார். கதவருகிலேயே நின்றார். "என்ன சத்தம்? தெருமுனை வரைக்கும் கேக்குது."

"உங்க மச்சினி என்னை மொட்டையடிக்கப் பாக்கறா."

அவர் என் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், கண்ணாடியில் இருந்த கணக்கைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, சின்னவளிடம் கையை நீட்டினார். "டிக்கெட்டைக் குடும்மா. அஞ்சு மணிக்குள்ள திருப்பிக் குடுத்தாதான் காசு வரும்."

"இருங்க அத்தான், இன்னும் முடியலை" என்றாள் சின்னவள். என் பக்கம் திரும்பினாள். "கடைசியாச் சொல்றேன். கூட வர்ற மூணுல ஆளுக்குப் பாதி. ஒண்ணரை உனக்கு, ஒண்ணரை எனக்கு. சம்மதம்னா இருக்கேன்."

சம்மதம்னா இருக்கேன். திங்கட்கிழமை பிரயோஜனம் உண்டா என்று கேட்டுக்கொண்டு நின்றவள், வெள்ளிக்கிழமை தன்னை விலை குறைத்துக் கொடுக்க மாட்டேன் என்கிறாள்.  தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் பையைத் திறந்து டிக்கெட்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் படியிறங்கிப் போனார். நான் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சின்னவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"அழறியாக்கா?" என்றாள். "அடடா, இன்னும் அரை ஏத்திக் கேட்டிருக்கலாம் போலிருக்கே."